நல்ல தோலில் போட்ட கீறல்

"போட்டி இருந்தா விலை குறையும், விலை குறைஞ்சா ஏழைக்கு லாபம்." கம்ப்யூட்டர் பற்றிப் பேச்சு வந்தாலே இந்த வரியை மந்திரம் மாதிரி ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் அடித்துக்கொண்டன, நமக்கு மலிவான பிராசஸர் கிடைத்தது, அதனால்தான் வாணியம்பாடியில் ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாவின் மகள்கூட மடிக்கணினி வைத்திருக்கிறாள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். யூடியூபிலும் சொல்கிறார்கள், பொருளாதாரக் கட்டுரைகளிலும் எழுதுகிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது.

இதில் ஒரு ஐந்தாறு வருஷத்துக்கு மட்டும் உண்மை உண்டு. மிச்ச முப்பது வருஷக் கதை வேறு. மலிவு சாமான் எவ்வளவு மட்டமாக இருந்தால் விலை கூடிய சாமானின் வியாபாரம் கெடாமல் இருக்கும் என்ற கணக்கைத்தான் மலிவு பிராசஸர் சந்தையில் பெரும்பாலான காலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதை விளக்க எனக்கு வசதியான ஊர் வாய்த்திருக்கிறது.

தோல் தொழிலில் ‘செலக்‌ஷன்’ என்று ஒரு வேலை உண்டு. என் பெரியப்பா ஒரு டேனரியில் அதைத்தான் பார்த்தார். ஆட்டுத்தோல் மேஜைமேல் வந்து விழும். உள்ளங்கையால் ஒரு தடவு, விரலால் ஒரு இழுப்பு, வெளிச்சத்தில் சாய்த்து ஒரு பார்வை. உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, உப்பு சரியாகப் போடாததால் கெடத் தொடங்கிய இடம் எல்லாம் அவர் கைக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிக்கொண்டே போவார். குறை கூடக் கூட விலை இறங்கும். நல்லது ஷூவின் மூக்கில் பளிச்சென்று தெரிகிற இடத்துக்குப் போகும். மட்டமானதற்கு மேலே பூச்சடித்து மறைப்பார்கள், இல்லாவிட்டால் உள்பக்க லைனிங்குக்கு அனுப்புவார்கள். ஆட்டின் ஜாதகமே தோலில் எழுதியிருக்கும்பா என்பார் பெரியப்பா.

இந்தத் தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேச எத்தனையோ உண்டு, வெட்கப்படவும் எத்தனையோ உண்டு. ஆனால் ஒரு காரியத்தை இங்கே யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. முதல் தரத் தோலை எடுத்து, கத்தியால் வேண்டுமென்றே நாலு கீறல் போட்டு, மூன்றாம் தரம் என்று விற்கிற காரியம். அப்படி ஒருத்தன் செய்தால் அவன் வீட்டு ஆட்களை வரவழைத்துக் கையில் ஒப்படைப்பார்கள்.

சில்லுத் தொழிலில் அதைச் செய்தவர்களுக்கு எம்.பி.ஏ. வகுப்பில் பாடம் வைத்திருக்கிறார்கள்.

நியாயமாகப் பேசுவோம். சில்லுத் தொழிலிலும் நேர்மையான செலக்‌ஷன் இருக்கிறது. வட்டமான சிலிக்கன் தட்டு ஒன்றில் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒரே நேரத்தில் அச்சடிக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி வராது. ஒன்று வேகமாக ஓடும், ஒன்று சூடாகும், ஒன்றில் ஒரு மூலை செத்திருக்கும். வேகமானதை வேகமான விலைக்கும், மூலை செத்ததை அந்த மூலையை அடைத்துவிட்டுக் குறைந்த விலைக்கும் விற்பார்கள். உண்ணி கடித்த தோலை அதற்கேற்ற விலைக்கு விற்பது மாதிரிதான் இது. இதில் எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

புகார் 1991இல் தொடங்குகிறது. இன்டெல்லின் 486 வரிசையில் டி.எக்ஸ். என்பது முழுச் சில்லு. தசமக் கணக்குகளை வேகமாகப் போடும் தனி அலகு அதற்குள்ளேயே இருந்தது. ஏ.எம்.டி. தன்னுடைய 386 சில்லுகளை மலிவாக விற்கத் தொடங்கிய அந்தச் சமயத்தில், இன்டெல்லுக்கும் ஒரு மலிவு 486 தேவைப்பட்டது. அவர்கள் அதே சில்லில் அந்தக் கணக்கு அலகைச் செயலிழக்கச் செய்து, எஸ்.எக்ஸ். என்று பெயர் வைத்து விற்றார்கள். பிறகு நடந்தது இன்னும் ரசமானது. கணக்கு அலகு வேண்டும் என்கிறவர்களுக்கு 487 என்று தனியாக ஒரு சில்லு விற்றார்கள். அதைப் பக்கத்துச் சாக்கெட்டில் சொருகினால் பழைய சில்லு மொத்தமாக அணைந்துவிடும். ஏனென்றால் 487 என்பதே கிட்டத்தட்ட ஒரு முழு 486 டி.எக்ஸ்.தான். பூட்டிய அறைக்குச் சாவி கேட்டவனிடம் பக்கத்திலேயே இன்னொரு வீட்டை விற்றார்கள்.

பழைய கதை என்பீர்கள். 2010இல் இன்டெல் ஒரு பென்டியம் சில்லோடு 50 டாலருக்கு ஒரு அட்டை விற்றது. சுரண்டினால் ஒரு எண் வரும். மொபைல் ரீசார்ஜ் கார்டேதான். அந்த எண்ணைத் தட்டினால், நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கும் சில்லின் உள்ளே பூட்டிவைத்த பகுதிகள் திறந்துகொள்ளும். ஊரே சிரித்த பிறகு அடுத்த வருஷம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஏ.எம்.டி. ஒன்றும் உத்தமன் இல்லை. அவர்களுடைய ஒற்றைக் கோர் செம்ப்ரான் 140 சில்லுக்குள் இரண்டாவது கோர் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. சில மதர்போர்டுகளில் பயாஸில் ஒரு அமைப்பை மாற்றினால் எழுந்துகொள்ளும். சிலதில் எழாது, அது உண்மையிலேயே செத்த கோர். எது உண்ணி கடித்த தோல், எது கீறிவிட்ட தோல் என்று கண்டுபிடிக்கிற சூதாட்டத்தை வாங்குகிறவனே ஆடிக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது அந்த நல்ல ஐந்தாறு வருஷத்துக்கு வருகிறேன். போட்டி என்ற சொல்லுக்கு நான் எதிரி இல்லை என்பதற்கும் அதுதான் சாட்சி.

தொண்ணூறுகளின் நடுவில் ‘சாக்கெட் 7’ என்று ஒரு வகை மதர்போர்டு இருந்தது. அதில் இன்டெல்லின் பென்டியம் உட்காரும். ஏ.எம்.டி.யின் கே6 உட்காரும். சைரிக்ஸின் 6x86 உட்காரும். ஐ.டி.டி. என்ற கம்பெனியின் வின்சிப் உட்காரும். ஒரே போர்டில் நாலு கம்பெனி! ஒருத்தன் விலையை ஏற்றினால் அவன் சில்லைக் கழற்றிவிட்டு அடுத்தவனுடையதை மாட்டலாம். போட்டி என்றால் எனக்கு இதுதான். வாங்குகிறவன் பழைய சாமானைத் தூக்கி எறியாமல் விற்கிறவனை மாற்ற முடிய வேண்டும். அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குக் குறைவான கணினி என்பது 1997வாக்கில் சாத்தியமானது சைரிக்ஸும் ஏ.எம்.டி.யும் கொடுத்த இந்த நெருக்கடியால்தான்.

இன்டெல் அந்த மேஜையை விட்டு எழுந்துகொண்டது. 1997இல் பென்டியம் 2 வந்தபோது அதற்கென்று ‘ஸ்லாட் 1’ என்ற தனி வாசல் வைத்தார்கள். அதில் அடுத்தவன் சில்லு நுழைய முடியாது. ஆனால் அந்த வாசலுக்கு மலிவுச் சரக்கு அவர்களிடமே இல்லை. அவசரமாகச் செய்ததுதான் 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரான். பென்டியம் 2 சில்லையே எடுத்து, அதன் பக்கத்தில் இருந்த கேஷ் நினைவகத்தை மொத்தமாக நீக்கிவிட்டார்கள். கேஷ் என்பது என்ன? ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிற அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில் வெட்டிய துண்டுகள் ஒரு தட்டில் இருக்குமே, அந்தத் தட்டு. அதை எடுத்துவிட்டால் அக்கா ஒவ்வொரு துண்டுக்கும் எழுந்து குடோனுக்கு நடக்க வேண்டும். மெஷின் எவ்வளவு வேகமாக இருந்தும் புண்ணியமில்லை. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் அதே ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ. சில்லுக்குள்ளேயே 128 கே.பி. கேஷ், அதுவும் முழு வேகத்தில். பென்டியம் 2இன் கேஷ் அளவில் நாலு மடங்கு, ஆனால் பாதி வேகத்தில் ஓடியது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்த இந்தச் சில்லுகளில் ஏராளமானவை 450இல் ஓடின. மலிவுச் சில்லு விலை கூடிய சில்லின் தோளில் கை போட்ட தருணம் அது. இன்டெல் அதற்குப் பிறகு அந்தத் தவற்றைச் செய்யவில்லை! பென்டியம் 3க்கு 100, 133 மெகாஹெர்ட்ஸ் பஸ் கொடுத்துவிட்டு, செலரானை 2001 தொடக்கம் வரை 66இலேயே கட்டிப்போட்டது. அந்தக் கட்டை அவிழ்க்க வைத்தது 2000 ஜூனில் வந்த ஏ.எம்.டி.யின் டியூரான்.

நான் ஆம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். காலை ரயிலில் சென்னை போய், ரிச்சி தெருவில் போர்டு, ரேம், எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் பொறுக்கிக்கொண்டு சாயங்கால ரயிலில் திரும்புவேன். டேனரி ஆபீஸ்களில் டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது. பேரணாம்பட்டில், மேல்விஷாரத்தில், வாணியம்பாடியில் பிரவுசிங் சென்டர்கள் திறந்தார்கள். வளைகுடாவில் இருக்கிற மகனோடு பேச அம்மாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் செலரான், டியூரான். "பென்டியம் இல்லியா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது அன்றைக்கு பைக் வாங்குவது மாதிரி கௌரவ சமாச்சாரம். ஆனாலும் அந்தச் சில்லுகள் நன்றாகவே ஓடின. கடைக்காரன் இரண்டு விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு ஏஜெண்டுகளிடமும் பேரம் பேசினான். அதன் பலன் ஆம்பூர் வரைக்கும் வந்து சேர்ந்தது. இதை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இது எப்படி முடிந்தது? ‘ஏ.எம்.டி. தோற்றுவிட்டது’ என்று ஒற்றை வரியில் சொல்வார்கள். சைரிக்ஸை 1997இல் நேஷனல் செமிகண்டக்டர் வாங்கி, 1999இல் தைவானின் வியாவிடம் விற்றது. வின்சிப்பும் வியாவிடமே போனது. நாலு பேர் இரண்டரை ஆனார்கள். மிஞ்சிய இரண்டு பேரில் ஒருவர் என்ன செய்தார் என்பது அரசாங்க ஆவணங்களிலேயே இருக்கிறது. 2005இல் ஜப்பானின் வணிக ஆணையம், கணினி தயாரிப்பாளர்களுக்குத் தள்ளுபடி கொடுத்து இன்டெல் போட்டியாளரின் சில்லை விலக்கிவைத்தது என்றது. 2009 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் 106 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே வருஷம் நவம்பரில் இன்டெல் ஏ.எம்.டி.க்கு 125 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது.

முழுக் கதையும் சொல்ல வேண்டும். அந்த ஐரோப்பிய அபராதம் 2022இல் ரத்தானது, 2024இல் மேல் நீதிமன்றமும் ரத்தை உறுதிசெய்தது. தள்ளுபடி போட்டியைக் கெடுத்தது என்று ஆணையம் சரியாக நிரூபிக்கவில்லை என்பது காரணம். ஆனால் இன்னொரு பகுதி நின்றது. ஏ.எம்.டி. சில்லு வைத்த கணினிகளைத் தாமதப்படுத்தவோ நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ எச்.பி., ஏசர், லெனோவா ஆகிய மூன்று நிறுவனங்களுக்கு இன்டெல் காசு கொடுத்தது என்ற பகுதி. அதற்கு மட்டும் 2023இல் 37.6 கோடி யூரோ புது அபராதம் போட்டார்கள். காலம் 2002 நவம்பர் முதல் 2006 டிசம்பர் வரை. டியூரானையும் அதன் வாரிசு செம்ப்ரானையும் வைத்துக்கொண்டு ஏ.எம்.டி. மலிவுச் சந்தையைப் பிடிக்கப் பார்த்த அதே வருஷங்கள்.

நம்மூரில் போட்டி ஆணையம் 2014இல் இன்டெல் ஆதிக்கத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது, ஆனால் அந்த ஆதிக்கத்தை அது தவறாகப் பயன்படுத்தவில்லை என்று கோப்பை மூடியது. 2016இல் இன்டெல் இந்தியாவுக்கென்றே தனியாக ஒரு வாரண்டி விதி கொண்டுவந்தது. பெட்டியில் வரும் பிராசஸரை இந்தியாவிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் வழியாக வாங்கியிருந்தால்தான் இங்கே வாரண்டி என்றார்கள். வெளிநாட்டிலிருந்து மலிவாக இறக்குமதி செய்து விற்பவர்களின் அடிவயிற்றில் விழுந்த உதை அது. 2019இல்தான் ஆணையம் இதை விசாரிக்க உத்தரவிட்டது. மூன்று வருஷம் என்பது சில்லு உலகில் ஒரு தலைமுறை.

இடையில் ஏழைக்கென்றே தனியாகச் செய்த பெட்டிகளின் ஊர்வலம் ஒன்று போனது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குப் பொறுமையில்லை. 2004இல் ஏ.எம்.டி. டாடாவோடு சேர்ந்து இந்தியாவில் ஒரு குட்டி இணையப் பெட்டியை இறக்கியது. 366 மெகாஹெர்ட்ஸ், விண்டோஸ் சி.ஈ., இரண்டே வருஷத்தில் மறைந்தது. 2005இல் மத்திய அமைச்சராக இருந்த தயாநிதி மாறன் பத்தாயிரம் ரூபாய்க் கணினி என்று பேசினார். எச்.சி.எல். 9,990 ரூபாய்க்கு வியா சில்லும் லினக்ஸும் போட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. நிக்கோலஸ் நெக்ரோபாண்டேயின் நூறு டாலர் மடிக்கணினி ஏ.எம்.டி. சில்லோடு வந்தபோது இன்டெல் தன்னுடைய கிளாஸ்மேட்டைக் கொண்டுபோய் எதிரே நிறுத்தியது. நடுவில் 2007 ஜூலையில் சமாதானமாகி அந்த அமைப்பிலேயே சேர்ந்து, 2008 ஜனவரியில் வெளியேறியது. 2011இல் ஆகாஷ் டேப்லெட். அதிலும் 366 மெகாஹெர்ட்ஸ்! ஏழு வருஷம் கழித்தும் ஏழையின் அளவு அதே எண்ணில் நின்றது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

நிலைத்தது எது? சாதாரண மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். முதல் வருஷமே 9 லட்சத்துக்கு மேல். 2019-20 வரையிலான கணக்கில் 50 லட்சத்துக்கும் மேல். உலகத்திலேயே இப்படி ஒரு மாநில அரசு செய்தது அபூர்வம். அதைக் கேலி செய்தவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் நகர முடியாது. "ஓசி லேப்டாப்", "படம் பார்க்கத்தான்", "வாங்கின மறுநாளே வித்துருவானுங்க." இப்படிப் பேசியவர்களில் பலரை எனக்குத் தெரியும். ரயில் எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களும், ஆம்பூர் என்றால் பிரியாணியோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். அப்பர் தைக்கிற அம்மாவின் மகள் அந்தப் பெட்டியில் படம் பார்த்தாள், ஆமாம். படம் பார்க்கத் தெரிந்தவளுக்குத்தான் ஃபைல் எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிந்தது, டைப் அடிக்கத் தெரிந்தது, கல்லூரி விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் காசு கொடுக்காமல் போடத் தெரிந்தது. சென்னையில் ஷூ டிசைன் படிப்பு படிக்கப் போன பிள்ளைகள், கேட் மென்பொருளைப் பார்த்து மிரளாமல் உட்கார்ந்ததற்கு அந்தப் பெட்டி காரணம். போன் போதுமே என்கிறவர்கள், போனில் ஒரு ஷூ பேட்டர்னை வரைந்து காட்டட்டும்.

என் சண்டை திட்டத்தோடு இல்லை. வாங்கிய விதத்தோடு.

ஒரே ஆண்டில் 9 லட்சம் பெட்டி வாங்குகிறவன் சந்தையில் சாதாரண ஆள் இல்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னால் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் லெனோவாவும் நின்று கேட்பார்கள். அந்த வார்த்தை ‘யார் குறைந்த விலை?’ என்பதாக மட்டும் சுருங்கிப்போனது. குறைந்த விலைதான் கேள்வி என்றால், விற்கிறவன் சில்லை நல்லதாக்கிப் போட்டி போட மாட்டான். கேட்ட பெயர் இருக்கிற, உள்ளே முடிந்தவரை குறைந்திருக்கிற சில்லைத் தேடிப் போட்டி போடுவான்.

பெயர் விஷயத்தில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். தோலில் ‘ஸ்ப்ளிட்’ என்று ஒன்று உண்டு. கனமான மாட்டுத்தோலை இயந்திரத்தில் இரண்டாகப் பிளப்பார்கள். மேல் அடுக்கில்தான் உயிர். கீழ் அடுக்கு ஸ்ப்ளிட். அதன்மேல் பாலியூரிதேன் பூச்சடித்து, மேல்தோல் மாதிரியே ரேகை அச்சு குத்தி விற்பார்கள். அதுவும் தோல்தான், பொய் சொன்னதாகாது. ஆனால் இரண்டு மழையில் உரியும். இன்டெல் 2008இல் நெட்புக்குகளுக்கென்று ஆட்டம் என்ற சில்லைக் கொண்டுவந்தது. சின்னது, மலிவு, மெதுவானது, அதற்கென்று தனிப் பெயர். ஆட்டம் என்றால் மெதுவானது என்று உலகத்துக்கே தெரிந்த பிறகு, 2013இல் அதே குடும்பத்துக் கோர்களுக்குச் செலரான், பென்டியம் என்று பெயர் சூட்டி மடிக்கணினிகளில் விற்றார்கள். ஒரு காலத்தில் ஆம்பூரில் "பென்டியம் இல்லியா?" என்று கேட்டார்களே, அந்தப் பென்டியம். ஸ்ப்ளிட்டில் மேல்தோல் ரேகை குத்தியாயிற்று. பென்டியம், செலரான் பெயர்களுக்கு மடிக்கணினியில் மரியாதை போன பிறகு 2022இல் அவற்றையும் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தச் சிறிய கோர்கள் மட்டுமே கொண்ட ஒரு சில்லு, கோர் ஐ3-என்305 என்ற பெயரில் வந்தது. ஐ3!

ஏ.எம்.டி.யும் தன் பங்குக்குச் செய்தது. 2022இல் வந்த ரைசன் 3 7320யு, எண்ணைப் பார்த்தால் 7000 வரிசையின் புதுச் சரக்கு. உள்ளே இருக்கும் கோர் 2019இல் வந்த வடிவமைப்பு. பத்து எண் தள்ளி இருக்கும் 7330யு அதற்கு அடுத்த தலைமுறைக் கோர். இந்தப் பெயர் ஏமாற்றைக் கிண்டலடித்து 2023 டிசம்பரில் இன்டெல் ஒரு விளக்கப்படம் வெளியிட்டு, பிறகு சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. யார் யாரைக் கிண்டல் செய்வது என்று அவர்களுக்கே தோன்றியிருக்கும்.

இப்போது பாருங்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. டெண்டரில் இன்டெல் ஐ3 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 3, 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பழைய பெட்டிகளோடு பார்த்தால் பெரிய முன்னேற்றம், கைதட்டலாம். ஆனால் ஐ3 என்ற சொல்லும் ரைசன் 3 என்ற சொல்லும் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே பெயருக்குள் மேல்தோலும் இருக்கிறது, ஸ்ப்ளிட்டும் இருக்கிறது.

"டெண்டரில் வேறு எப்படித்தான் எழுதறது?" என்று ஒரு அதிகாரி கேட்கலாம். ஐரோப்பாவில் இதே தகராறு இருபது வருஷத்துக்கு முன்பே வந்தது. அரசு அலுவலகங்கள் ‘இன்டெல் அல்லது அதற்கு நிகரானது’ என்று டெண்டர் போட்டதற்காக 2004 முதல் ஐரோப்பிய ஆணையம் உறுப்பு நாடுகளுக்கே நோட்டீஸ் அனுப்பியது. பெயரையோ மெகாஹெர்ட்ஸையோ எழுதாதே, செய்து காட்ட வேண்டிய வேலையை எழுது என்பது அதன் சாரம். மெகாஹெர்ட்ஸின் லட்சணம் எங்களுக்கே தெரியும். 2002இல் வந்த 1.7 ஜிகாஹெர்ட்ஸ் செலரான், 1.3 ஜிகாஹெர்ட்ஸ் டியூரானிடம் பல வேலைகளில் தோற்றது.

இன்னும் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. ஆம்பூரில் ஷூ வாங்க வரும் ஐரோப்பியக் கம்பெனி ‘நல்ல தோல்’ என்று ஆர்டர் எழுதாது. அப்பரை மெஷினில் மாட்டி இத்தனை ஆயிரம் முறை மடக்கினாலும் வெடிக்கக் கூடாது என்று எழுதும். ஈரத்துணியால் தேய்த்தால் சாயம் இந்த அளவுக்கு மேல் ஒட்டக் கூடாது என்று எழுதும். ஒரு கிலோ தோலில் குரோமியம் 6 மூன்று மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2015 முதல் அவர்கள் சட்டம். சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தோற்றால் மொத்த லாட்டும் திரும்பும். அந்தக் கம்பெனிகள் மேல் எனக்குப் பக்தி ஒன்றும் கிடையாது. ஒரு ஜோடிக்கான கூலியை அவர்கள் நசுக்குகிற நசுக்கு இந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். பாலாற்றைக் கெடுத்த தோலை மலிவாக வாங்கிக்கொண்டு போனவர்களும் அவர்கள்தான். 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் அந்தக் கணக்கைப் போட்டபோது அவர்கள் யாரும் கூண்டில் நிற்கவில்லை. ஆனாலும் வாங்கத் தெரிந்தவர்கள். ஒரு ஷூவின் நுனிக்குக் காட்டுகிற அந்தச் சந்தேகத்தை, அந்த ஷூவைத் தைத்தவளின் மகளுக்குக் கொடுக்கிற கணினிக்கு ஏன் காட்டக் கூடாது?

இதற்கு வழக்கமாக வரும் இன்னொரு பதில், நாமே சில்லு செய்வோம் என்பது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ‘சக்தி’ எனக்கும் பெருமைதான். 2018இல் அதன் ஒரு சில்லை எங்கே அச்சடித்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில், இன்டெல்லின் ஆலையில். அந்தப் பாதை நீளம், நடக்கட்டும். அதுவரை மாணவர்கள் கையில் கொடுக்கிற பெட்டிக்கு அது பதிலாகாது.

டெண்டரில் நான் கேட்பது ரொம்பச் சின்னது. பெயருக்குப் பதில் கோரின் தலைமுறை இருக்கட்டும். நம்முடைய வேலைகளைக் கொண்டே ஒரு சோதனை இருக்கட்டும்: தமிழில் நூறு பக்க ஆவணம் திறந்திருக்க, உலாவியில் பத்துத் தாவல் இருக்க, வீடியோ வகுப்பு ஓட, எத்தனை விநாடி தடுமாறுகிறது என்று பார்க்கலாம். லாட்டிலிருந்து யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஐம்பது பெட்டியை உருவிச் சோதிக்கலாம். தோற்றால் மொத்தமும் திரும்பட்டும். கூடவே, ரேமைக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்ற ஒரு வரி.

அந்தக் கடைசி வரியை ஏன் கேட்கிறேன் என்றால், பத்து வருஷத்துக்கு முந்தைய அரசு மடிக்கணினிகள் இன்றும் என் மேஜைக்கு வருகின்றன. 2 ஜி.பி. ரேமை எடுத்துவிட்டு 4 போடுகிறேன், தேய்ந்த ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டுகிறேன், லினக்ஸ் ஏற்றுகிறேன். மட்டமான பிராசஸரோடேயே இன்னும் மூன்று வருஷம் ஓடும். ஒன்று பிரியாணிக் கடையில் பில் போடுகிறது, ஒன்று தையல் யூனிட்டில் வருகைப் பதிவேடு வைத்திருக்கிறது. இப்போது சந்தையில் வரும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டியே வருகிறது. 7320யு போன்ற சில்லுகளுக்கு வேறு வழியே கிடையாது, அதன் வடிவமைப்பே அப்படி. அந்தப் பெட்டி மெதுவானால் அதைத் திறந்து நான் செய்யக்கூடியது, தூசி துடைத்து மூடுவது.